ரயில் கடக்குமுன் எழுந்த கேட்

அத்தியாயம் 11

டெஸ்ஸி கமிலேரிக்கு எதுவுமே பிடிக்காது என்று அவளுடைய தங்கை லிடியா உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மையில்லை. ஒழுங்காக வேலை செய்கிற இயந்திரங்களை டெஸ்ஸிக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றை இன்னும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய பிழைப்பே அதுதான். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை எடுத்து, அது எங்கே உடையும் என்று பார்ப்பது. கைபேசி விளையாட்டு, கடைக்கணக்கு மாதிரி சமாசாரங்களை அவள் தொடமாட்டாள். உடைந்தால் ஆள் சாகும் என்கிற சாமான்கள் மட்டும். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் பம்பு, லிஃப்ட்டின் பிரேக், இப்போது ரயில்வே கேட்.

எந்தக் கம்பெனியிலும் அவள் நிரந்தரமாக இருந்ததில்லை. ஒப்பந்தம் போட்டுச் சில மாதம் இருப்பாள், குறைகளைச் சொல்வாள், போய்விடுவாள். சேரும் நாளில் கேக் வெட்டுகிறவர்கள், கிளம்பும் நாளில் அவளைக் கண்டால் வேறு வழியாகப் போவார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. கேக்கும் எங்கேயும் நன்றாக இருந்ததில்லை.

சன்ஷைன் என்ற புறநகரில் இருக்கும் இந்தக் கம்பெனிக்கு அவள் வந்ததே லிடியாவின் புருஷன் ஃப்ரெடு கூப்பிட்டதால்தான். கேட்டை ஏற்றி இறக்கும் பெட்டியை ரயில்வேக்கு விற்பது அவன் பொறுப்பு. சோதிக்கிறவருக்கும் எழுதுகிறவருக்கும் உறவு இருக்கக் கூடாது என்பது ரயில்வேயின் விதி. ஃப்ரெடுவுக்கு ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாது என்பதை டெஸ்ஸியே எழுதிக் கொடுத்தாள், மிகுந்த மகிழ்ச்சியோடு. ரயில்வேயும் ஒப்புக்கொண்டது. அவளுடைய மகள் அனலீஸ் அதே கம்பெனியில் ஸ்டேஷன் அறிவிப்புப் பலகைப் பிரிவில் இருப்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை சோதனை மேடையில் நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ரயிலின் கடைசிச் சக்கரங்கள் சாலையின் மேல் நிற்கும்போதே கேட் தானாக மேலே எழுந்தது. டெஸ்ஸி அதைத் தன் கண்ணால் பார்த்தாள். மறுநாள் முழுக்க அதே ரயிலை அதே மாதிரி ஓட்டிப் பார்த்தாள். கேட் சமர்த்தாக நடந்துகொண்டது. ஃப்ரெடு கதவில் சாய்ந்து சிரித்துவிட்டுப் போனான்.

இன்று வியாழன். பெட்டியை ஏற்றுக்கொள்வதா என்று முடிவு செய்ய ரயில்வேக்காரர்கள் வருகிறார்கள்.

* * *

செயின்ட் ஆல்பன்ஸ் வீட்டுச் சமையலறையில் டெஸ்ஸி டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே பேசினாள். எதிரே அனலீஸ் உட்கார்ந்து கோப்பையைக் கையில் வைத்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தாள். இருபத்துநான்கு வயது. பெர்த் நகரத்துக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் ஹார்கின் என்ற குடும்பப் பெயரும், அவருடைய நீண்ட மூக்கும் அவளுக்கு.

பேச்சு வழக்கமான பேச்சுதான். அந்தப் பெட்டிக்கு நிரல் எழுதியவன். அவன் யாரென்று டெஸ்ஸிக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் முறை, பெயர் தெரிந்தால் கை கூசும் என்பாள். ஆனால் பெயர் தெரியாதவனைத் திட்டுவதில் அவளுக்கு ஒரு ருசி உண்டாகியிருந்தது. சில மாதங்களாகச் சாப்பாட்டு மேசையில் அவன் இல்லாத நாளே இல்லை. அவன் தலையில் இருப்பது களிமண் என்றாள் ஒரு நாள். களிமண்ணில் பானையாவது செய்யலாம் என்றாள் மறுநாள்.

இன்று அவனைப் பஸ்தீட்ஸிப் பலகாரக் கடையில் மாவு பிசைய விடலாமா என்ற யோசனை. அதுவும் வேண்டாம், பாலாடைக்கட்டியை வெளியே வைத்து மாவை உள்ளே வைப்பான் என்று முடிவு செய்தாள்.

அனலீஸ் சிரிக்கவில்லை. டோஸ்ட்டைத் தொடவும் இல்லை. சீக்கிரம் போக வேண்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் போன கையோடு போன் அடித்தது. லிடியா.

லிடியா எப்போதும் நலம் விசாரித்துத்தான் தொடங்குவாள், அதை முடிப்பதற்குள் அழுதுவிடுவாள். ஃப்ரெடு தூங்கவில்லை, சாப்பிடவில்லை, இந்த வியாபாரம் கைகூடினால் அவனை இயக்குநர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை முயல் சமைத்து எல்லோரையும் கூப்பிடலாம் என்றிருந்தாள். அக்காவே குறுக்கே நின்றால் எப்படி என்றாள்.

"ஒரே ஒரு தடவைதானே தூக்குச்சு, டெஸ்? அதுக்கு ஏன் இவ்ளோ பெரிசு பண்றே?"

"நீ கல்யாணம் பண்ணதும் ஒரே ஒரு தடவைதான். போதலையா?"

லிடியா, மிகவும் அமைதியாக, யாரும் உன்கூட இருக்க முடியாமல் போனதற்குக் காரணம் உனக்கு என்றைக்காவது தெரியுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

டெஸ்ஸி தட்டைக் கழுவி வைத்தாள். லிடியாவை எளிதாக அடித்துவிட்டோம் என்ற திருப்தி கார் சாவியைத் தேடும்வரை இருந்தது.

* * *

ஃப்ரெடு வாசலிலேயே காத்திருந்து அவள் தோளில் கை போட்டான். பயப்படும்போது தோளில் கை போடுவது அவன் வழக்கம். இன்னும் பயந்தால் கட்டிப் பிடிப்பான். டெஸ்ஸி கையை எடுத்து அவனிடமே கொடுத்தாள்.

உள்ளே தகரக் கொட்டகையைத் துடைத்து வைத்திருந்தார்கள். சுவரில் புதிதாக ஒரு படம்: அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு நாய். கீழே, "பாதுகாப்பு எங்கள் குடும்பச் சொத்து." அந்தக் குடும்பத்தில் ஒருவரும் ரயில்வே கேட்டைப் பார்த்த முகமாகத் தெரியவில்லை. நாயைத் தவிர.

நடுவில் சோதனை மேடை. ஒரு துண்டுத் தண்டவாளம், அதற்குக் குறுக்கே தரையில் சாம்பல் வண்ணத்தில் சாலை, சாலையை மறிக்க உண்மையான கேட். தண்டவாளத்தின் மேல் வரிசையாகச் சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டி, அதுதான் ரயில். சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்டவாளத்தில் ஒவ்வொரு உணர்கருவி. உள்ளே எத்தனை சக்கரம் போனது என்று ஒன்று எண்ணும், வெளியே எத்தனை வந்தது என்று மற்றொன்று எண்ணும். இரண்டு எண்ணிக்கையும் சமமாக இருந்தால் பெட்டி கேட்டைத் தூக்கும். பெட்டியின் வேலை அவ்வளவுதான், எண்ணத் தெரிய வேண்டும்.

ஃப்ரெடு அவளைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். செவ்வாய்க்கிழமை உணர்கருவியின் கம்பி தளர்ந்திருந்தது என்று சொல்லிவிட்டால் போதும், ஒரு வாக்கியம், அதற்குமேல் அவன் பார்த்துக்கொள்வான் என்றான். இந்தப் பெட்டி போனால் அடுத்து மாநிலம் முழுக்க வரும், சோதனை வேலை எல்லாம் அவளுக்கே, ஓய்வு பெறும்வரை வேறு வாசல் ஏற வேண்டாம் என்றான்.

"கம்பியை நானே முறுக்கினேன், ஃப்ரெடு. தளர்ந்தது அது இல்ல."

"மறுபடி ஒரு தடவை பண்ணிக் காட்டு, ஒத்துக்கறேன். முடியலையே?"

"முடியல. அதனால நடக்கலன்னு ஆயிடுமா? கேட் கீழயே நின்னா நாலு பேர் ஹார்ன் அடிப்பாங்க. தப்பா மேல போனா அடிக்க ஆள் இருக்காது."

ஃப்ரெடு நாற்காலியில் சாய்ந்தான். அவன் முகத்திலிருந்து உறவுக்காரன் இறங்கிப் போய், விற்கிறவன் வந்து உட்கார்ந்ததை டெஸ்ஸி பார்த்தாள். இதைத்தானே இத்தனை நாளாக உள்ளே வைத்திருந்தாய் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லு. அடுத்தது அவங்க என்ன கேப்பாங்க? யார் எழுதினதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். எனக்கும் அந்தப் புண்ணியவானைப் பாக்கணும்."

"காலைல பாத்திருப்பே. உன் வீட்லதான் இருக்கா."

அவளுக்கு உடனே புரியவில்லை. ஃப்ரெடு நிதானமாகச் சொன்னான். கோடையில் ஒருவன் வேலையை விட்டுப் போய்விட்டான், ஆள் கிடைக்கவில்லை, அனலீஸை அறிவிப்புப் பலகையிலிருந்து எடுத்துக் கேட்டுக்குப் போட்டான். அம்மாவிடம் சொன்னால் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்தான். சக்கரம் எண்ணும் பகுதி முழுக்க அவள் கைவரிசை.

பிறகு கணக்கை விளக்கினான். தாய் சோதித்தது மகளின் வேலை. அது வெளியே வந்தால் இத்தனை மாதம் டெஸ்ஸி செய்த சோதனை ஒன்றுகூடச் செல்லாது. இனி எந்தக் கம்பெனியும் அவளைக் கூப்பிடாது. அனலீஸை எவனும் சேர்க்கமாட்டான்.

"மூணு பேரும் ஒரே வண்டியில உக்காந்திருக்கோம், டெஸ்ஸி. நீ மட்டும் இறங்க முடியாது."

சொல்லிவிட்டு அவன் காப்பி குடித்தான். ஒரு பெண்ணின் பயத்தை எடுத்து அவள் தாய்க்கே பூட்டாகப் போட்டுவிட்டு அவனால் காப்பி குடிக்க முடிந்தது. டெஸ்ஸி எழுந்து வெளியே போனாள்.

* * *

அனலீஸ் கொட்டகைக்குப் பின்னால், கார்கள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள். குளிர்காலத்து மேற்குக் காற்று குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா வருகிற நடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது அவளுக்கு.

"அங்கிள் சொல்லிட்டாரா?"

"ஏன் நீ சொல்லல?"

"எப்படிச் சொல்றது, மா? சொல்லலாம்னு இருந்த அன்னைக்குத்தான் களிமண்ணுன்னே. அடுத்த நாள் சொல்லலாம்னு பாத்தேன். அன்னைக்கு அதுக்கும் மேல."

"எழுதினவன் யாருன்னு எனக்குத் தெரியாதே."

"எழுதினவன் இல்ல. எழுதினவ. எவளோ ஒருத்தியா இருந்தாலும் அப்படிப் பேசலாமா?"

தினமும் எதிரே உட்கார்ந்து, தன்னைப் பற்றிய வசவுகளை உருளைக்கிழங்கோடு சேர்த்து விழுங்கிய பெண்ணை டெஸ்ஸி இப்போதுதான் பார்த்தாள். மெலிந்திருந்தாள். எப்போது மெலிந்தாள்?

அனலீஸ் ஷூ முனையால் ஒரு கல்லைத் தள்ளினாள். பிறகு, தலையைத் தூக்காமல், செவ்வாய்க்கிழமை நடந்தது தற்செயல் இல்லை என்றாள். அது ஏன் நடந்தது என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள்.

விஷயம் எளிது. பக்கத்துப் பாதையில் சரக்கு ரயில் போனால் தண்டவாளம் அதிரும். அந்த அதிர்வையும் சக்கரம் என்று உணர்கருவி எண்ணிவிடும், வராத ரயிலுக்காகக் கேட் கீழேயே நிற்கும். ரயில்வேக்குச் சலிப்பு. மிக மெதுவாக வருகிற அசைவு எதையும் கணக்கில் எடுக்காதே என்று ஃப்ரெடு சொன்னான். அனலீஸ் அப்படியே எழுதினாள்.

"ஸ்டேஷன் ஒட்டி இருக்கற கேட்டுல ரயில் நின்னு கிளம்பும்போது லேசாப் பின்னால வரும் இல்ல? வெளிய போன சக்கரம் ஒண்ணு மெதுவா உள்ள வருது. மெதுவா வர்றதால பெட்டி அதைக் கண்டுக்கல. அதே சக்கரம் மறுபடி வெளிய போகுது. அதை ரெண்டாவது சக்கரம்னு எண்ணிக்குது. கணக்கு சரியாயிடுது. கடைசிச் சக்கரம் இன்னும் ரோட்டு மேல."

டெஸ்ஸி கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் விளக்கிய விதம் தெளிவாக இருந்தது. இத்தனை நாளில் அவளிடம் விளக்கம் சொல்ல வந்த எந்தப் பொறியாளனும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. அது அவளுக்கு வலித்தது.

அவளால் கேட்க முடிந்த கேள்வி ஒன்றுதான்.

"எவ்வளவு மெதுவா?"

அனலீஸ் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டி, இல்லாத ஒரு வண்டியைப் பின்னுக்கு இழுத்துக் காட்டினாள். தூங்குகிற குழந்தையின் மேலிருந்து போர்வையை உருவுகிற மாதிரி.

நேற்று முழுக்க டெஸ்ஸி அவ்வளவு மெதுவாக ஓட்டவே இல்லை. அவளுக்குப் பொறுமை கிடையாது.

நீ வீட்டுக்குப் போ, இங்கே உன்னை யாரும் பார்க்க வேண்டாம் என்றாள் மகளிடம். அனலீஸ் தலையை ஆட்டினாள். போகிறேன் என்றா, மாட்டேன் என்றா என்று தெரியவில்லை.

* * *

ரயில்வேயிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். மோய்ரா ஓகில்வி என்ற அம்மாள், நரைத்த குட்டை முடி, சேறு காய்ந்த பூட்ஸ், கையில் ஒன்றும் இல்லை. கூட ஓர் இளைஞன். அவன் கையில் பஸ்தீட்ஸி இருந்தது, அவன் பங்களிப்பு கடைசிவரை அந்த அளவில்தான் இருந்தது.

ஃப்ரெடு பிரமாதமாகப் பேசினான். வண்டியை ஓட்டிக் காட்டினான். கேட் இறங்கியது, ஏறியது. வேகமாக ஓட்டினான், நிறுத்தி ஓட்டினான், பின்னுக்குக்கூடச் சட்டென்று இழுத்துக் காட்டினான். கேட் ஒரு தவறும் செய்யவில்லை. பலராட் நகரத்துக்கு அப்பால் கொராங்கில் என்ற சிற்றூரில் இதே பெட்டி வெள்ளோட்டமாகக் கோடை முடிவிலிருந்து ஓடுகிறது, அங்கேயும் ஒரு குறையில்லை என்றான். குடும்பம், நம்பிக்கை, பாரம்பரியம் என்று மூன்று வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டான். கம்பெனி தொடங்கிப் பத்து வருடம்கூட ஆகவில்லை.

ஓகில்வி அம்மாள் அவனைக் கேட்டு முடித்துவிட்டு டெஸ்ஸியிடம் திரும்பினாள். சோதனை செய்தவர் நீங்கள்தானே, உங்களுக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்றாள்.

ஃப்ரெடு முந்திக்கொண்டு, கம்பி ஒன்று தளர்ந்து ஒரு சின்னக் குழப்பம் என்று தொடங்கினான். டெஸ்ஸி எழுந்து நின்றாள்.

"நான் சொல்றதுக்கு முன்னால ஒண்ணு. இதுல சக்கரம் எண்ணுற பகுதியை எழுதினது என் பொண்ணு. எனக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும். அதனால நான் சொல்றது எதுவும் செல்லாது. என்னை நம்பாதீங்க."

இளைஞன் மெல்லுவதை நிறுத்தினான்.

"நீங்களே ஓட்டுங்க," என்றாள் டெஸ்ஸி. "கடைசிச் சக்கரத்தை மட்டும் உள்ள விட்டுட்டு நிறுத்துங்க. அப்புறம் முன்னாடி போன சக்கரத்தைப் பின்னால எடுங்க. மெதுவா. இன்னும் மெதுவா. உங்களுக்கு அலுப்புத் தட்டற அளவுக்கு. அப்புறம் பழையபடி முன்னால தள்ளுங்க."

ஃப்ரெடு ஏதோ சொன்னான். இது முறையில்லை, குடும்பத் தகராறு, இவளுக்குத் தங்கை மேல் பொறாமை என்றெல்லாம் வந்தது. ஓகில்வி அம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். முன்னே தள்ளினாள். நிறுத்தினாள். பின்னே இழுத்தாள். வண்டி நகர்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு இழுத்தாள். மறுபடி முன்னே தள்ளினாள்.

மோட்டார் முனகியது. சாம்பல் சாலையின் மேல் கடைசிச் சக்கரம் நின்றுகொண்டிருக்க, கேட் மேலே போனது.

அவள் இன்னொரு முறை செய்தாள். இன்னொரு முறையும் போனது.

ஃப்ரெடு நாற்காலியில் உட்கார்ந்தான். இப்போது அவன் பக்கத்தில் தோள் கொடுக்க யாரும் இல்லை. டெஸ்ஸி அவனைப் பார்த்தாள். இந்த நிமிடத்தை அவள் பல நாள் கற்பனை செய்திருந்தாள், பேச வேண்டியதைக்கூடத் தயார் செய்திருந்தாள். பேசவில்லை. அவன் அத்தனைக்கு உரியவனாகத் தெரியவில்லை.

ஓகில்வி அம்மாள் கைப்பிடியை விட்டாள். "யார் எழுதினதுன்னு நீங்க கேட்டிருக்கணும்," என்றாள் டெஸ்ஸியிடம். "முறைன்னு சொல்லி ஒதுங்கியிருப்பீங்க. அது முறை இல்ல, கௌரவம்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். டெஸ்ஸி வழக்கமாக மற்றவர்களிடம் பேசுகிற குரல் அது. வாங்கிக்கொள்கிற பக்கத்திலிருந்து அவள் அதைக் கேட்டதில்லை.

பிறகு அந்த அம்மாள் பொதுவாகக் கேட்டாள். மெதுவான அசைவை விட்டுவிடச் சொல்லி எழுதியது எப்போது?

"கோடையில," என்றது கதவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல். அனலீஸ் வீட்டுக்குப் போகவில்லை. "கொராங்கிலுக்குப் போன பெட்டியிலயும் அது இருக்கு. நான்தான் எழுதினேன்."

ஓகில்வி அம்மாள் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது. கொராங்கில் வழியாக வரும் ரயில் எதுவானாலும் கேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும், ஆள் இறங்கிச் சாலையை மறித்த பிறகுதான் கடக்க வேண்டும், இந்த நிமிடத்திலிருந்து. மறுமுனையில் காரணம் கேட்டிருக்க வேண்டும். நான் சொல்கிறேன் என்பதுதான் காரணம் என்றாள்.

பேசி முடித்ததும் அவள் திரும்பி வரவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவர்ப் படத்தின் எதிரே நின்றாள். எதையோ நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி இருந்தது.

"குறையில்லன்னு இவர் சொன்னது தப்பு," என்றாள். "போன மாசம் ஒரு போன் வந்துச்சு. கொராங்கில்ல இருக்கற ஒரு அம்மா. கேட் திறந்துடுச்சுன்னு காரை எடுத்திருக்காங்க. ரயிலோட கடைசிப் பெட்டி கண்ணாடிக்கு முன்னால நின்னுச்சாம். பின்சீட்ல அவங்க பேத்தி. நாங்க விசாரிச்சோம்."

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டது அனலீஸ்.

"அப்படி நடக்க வாய்ப்பே இல்லைன்னு சொன்னோம். உங்க கண்ணைப் பரிசோதனை பண்ணிக்குங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லியிருக்கார்." அவள் டெஸ்ஸியைப் பார்த்தாள். "கோடையில அந்தப் பெட்டியைச் சோதிச்சு, சரியா இருக்குன்னு சொன்னது நீங்க. அதை வெச்சுத்தான் சொன்னோம்."



தான் பார்த்ததைச் சொன்னபோது நம்பாமல், ஒரு தடவைதானே என்று கேட்டவர்களை டெஸ்ஸி இரண்டு நாளாக மனத்துக்குள் வெட்டிக்கொண்டிருந்தாள். அதே மாதிரி கண்ணால் பார்த்ததைச் சொன்ன இன்னொருத்தியை, டெஸ்ஸி வாயைத் திறக்காமலேயே பொய்க்காரி ஆக்கியிருந்தாள்.

"அவங்க பேரென்ன?"

ஓகில்வி அம்மாள் யோசித்தாள். சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும்.

"நெரிடா ஸ்டுகி. ரயில் ரோட்டுப் பக்கத்துல நர்சரி வெச்சிருக்காங்க, செடி விக்கறவங்க. நாங்க முறைப்படி மன்னிப்பு கேட்போம். நீங்க போகணும்னு எந்த அவசியமும் இல்ல."

* * *

கார் நிறுத்துமிடத்தில் டெஸ்ஸியின் போனில் லிடியாவின் பெயர் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எடுத்தால் என்ன கேட்கும் என்று தெரியும். காலையில் சொன்னதற்கு ஒரு வார்த்தை தங்கைக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஆனால் அதை ஃப்ரெடுவின் செய்தியோடு சேர்த்துச் சொல்ல முடியாது. போனைப் பையில் போட்டாள்.

அனலீஸ் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். வேலை போய்விட்டதா என்று அவளிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தை டெஸ்ஸியின் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லிப் பழக்கமில்லாததால் வேறு மாதிரி வந்தது.

"நீ அதை நல்லா விளக்கினே. காலைல."

அனலீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று டெஸ்ஸி பார்க்கவில்லை. காரை எடுத்தாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பில் திரும்பாமல், பலராட் நெடுஞ்சாலையில் ஏறினாள்.

ஊர்கள் பின்னால் போயின. மழை பிடித்துக்கொண்டது. வெகு தூரம் போன பிறகு அனலீஸ் கேட்டாள்.

"அந்த நர்சரி அம்மா உன்னைக் கண்டபடி திட்டினா என்ன பண்ணுவே, மா?"

டெஸ்ஸி வைப்பரின் வேகத்தைக் கூட்டினாள்.

"கேட்டுக்குவேன்," என்றாள்.